கார் ஆலைகளைப் பார்க்க ஜெர்மனிக்கு: பத்து நாள் திட்டம்

3 மார்ச் 2024, வாசகர் கேள்வி

வரும் ஆகஸ்டில் எனக்கும் என் தம்பிக்கும் 10 நாள் விடுப்பு கிடைக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ், போர்ஷே, மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ., வொல்ஃப்ஸ்பூர்க்கில் ஃபோக்ஸ்வாகன், இத்தாலியின் மரனெல்லோவில் ஃபெராரி ஆகிய ஐந்து நிறுவனங்களின் அருங்காட்சியகங்களையும் தொழிற்சாலைகளையும் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வரைபடத்தில் வழி போட்டுப் பார்த்தால் முடியும் என்றே தோன்றுகிறது. எந்த ஊரிலிருந்து தொடங்கலாம்?

4 மார்ச் 2024

ஆகஸ்டில் போக வேண்டாம். எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

ஜெர்மன் கார் ஆலைகள் பெரும்பாலும் கோடையில் மூன்று வாரம் அளவுக்கு உற்பத்தியை நிறுத்திவிட்டு, பழைய இயந்திரங்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தும் வேலையை வைத்துக்கொள்கின்றன. இத்தாலியில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஏறக்குறைய நாடே விடுமுறையில் இருக்கும். அதே நாள் மியூனிக்கிலும் பொது விடுமுறை. அருங்காட்சியகங்கள் மட்டும் வழக்கம்போலத் திறந்திருப்பதால், வரைபடத்தையும் நுழைவுச்சீட்டையும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த விவரம் கண்ணில் படுவதில்லை.

2016இல் எனக்கும் படவில்லை. அம்பத்தூரில் கார்களுக்கான தகட்டு உதிரிபாகங்களை அழுத்தித் தரும் ஒரு பிரஸ் ஷாப்பில் 22 ஆண்டுகள் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். நாங்கள் அனுப்பும் பாகங்களைப் போன்றவை கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பல ஆண்டு சேமித்து அந்த ஆகஸ்டில் போனேன். ஓர் ஆலையில் (அதன் பெயர் இங்கே தேவையில்லை) சுற்றிக்காட்டும் நிகழ்ச்சி உண்டு என்று மின்னஞ்சலில் உறுதி செய்திருந்தார்கள். நிகழ்ச்சியும் நடந்தது. ஆனால் உற்பத்தி லைன் ஓடவில்லை. நூற்றுக்கணக்கான ரோபோக்கள் தலையைக் கவிழ்த்தபடி நிற்க, வழிகாட்டி ஒவ்வொன்றின் முன்பும் நின்று, ஓடும்போது இது இன்னதைச் செய்யும் என்று விளக்கிக்கொண்டே போனார். அவர்மீது குறையில்லை. நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுதான்: அன்று உற்பத்தி உண்டா?

ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே இந்தக் கேள்வியை எழுதுங்கள்.

9 மார்ச் 2024

செப்டம்பருக்கு மாற்ற முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். இந்த ஆண்டு மியூனிக்கின் அக்டோபர் விழா செப்டம்பர் 21 அன்று தொடங்கி அக்டோபர் 6 வரை நடக்கிறது. அந்த நாட்களில் ஊரில் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. ஸ்டுட்கார்ட்டிலும் செப்டம்பர் இறுதியில் கான்ஸ்டாட் திருவிழா தொடங்கிவிடும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, இந்த ஆண்டு அது வியாழக்கிழமை வருகிறது. அப்படி வரும்போது வெள்ளியையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். வசந்த காலத்தில் போக நினைக்கும் மற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: மே 1, இயேசுவின் விண்ணேற்ற நாளான வியாழன், பெந்தெகோஸ்தே திங்கள் என்று மே மாதம் துண்டு துண்டாகக் கிடக்கும்.

திங்கட்கிழமைகளை வீண் நாள் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மெர்சிடிஸ், போர்ஷே, பி.எம்.டபிள்யூ. ஆகிய மூன்று அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். திங்கட்கிழமை வீண் நாள் இல்லை. அருங்காட்சியகத்துக்குத்தான் அன்று விடுமுறை; ஆலைக்கு அது வேலை நாள். மியூனிக் ஆலையைச் சுற்றிக்காட்டும் நிகழ்ச்சிகள் திங்கள் முதல் வெள்ளி வரை நடப்பவை. மேலும், ஹைடல்பெர்க்குக்கும் ஹைல்பிரோனுக்கும் இடையில் இருக்கும் சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கும். அதன் கூரைமேல் கான்கார்ட் விமானமும் சோவியத்தின் டி.யூ. 144 விமானமும் அருகருகே நிற்கின்றன. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பயணிகளை ஏற்றிச் சென்ற இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க உலகில் வேறு இடம் கிடையாது. உள்ளே கார்களும் ஏராளம். ஆகவே சனி, ஞாயிறு அருங்காட்சியகம், திங்கள் ஆலை அல்லது சின்ஸ்ஹைம் என்று அடுக்கினால் ஒரு நாளும் வீணாகாது.

17 மார்ச் 2024

ஐந்து நிறுவனங்கள் என்பதைக் குறைக்க வேண்டும் என்று சொன்னதற்கு உங்கள் தம்பி வருத்தப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

மரனெல்லோவில் ஃபெராரி கார் வாங்கியவர்களைத் தவிர மற்றவர்களை ஆலைக்குள் நடந்து பார்க்க விடுவதில்லை. பேருந்தில் ஏற்றி, ஆலை வளாகத்தின் சாலைகளிலும் ஃபியோரானோ என்ற கார் ஓட்டப் பாதையின் அருகிலும் சுற்றிக்காட்டுவார்கள். இறங்க அனுமதி இல்லை, படம் எடுக்கவும் அனுமதி இல்லை. மரனெல்லோ அருங்காட்சியகமும், மோதெனாவில் 2012இல் திறந்த மஞ்சள் கூரையுள்ள என்ஸோ ஃபெராரி அருங்காட்சியகமும் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஆலை. மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து அங்கே போய்ச் சேர ரயிலில் ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

வொல்ஃப்ஸ்பூர்க் வடக்கே இருக்கிறது. மியூனிக்கிலிருந்து விரைவு ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம். ஊரே 1938இல் ஆலைக்காக உண்டாக்கப்பட்டது, ஆலையைவிடப் பழையது அங்கே பார்க்க அதிகம் இல்லை. அதையும் விட்டுவிடலாம்.

மிஞ்சுவது ஸ்டுட்கார்ட்டும் மியூனிக்கும். இரண்டுக்கும் இடையில் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பத்து நாளுக்கு இரண்டு ஊர் போதுமா என்று கேட்பீர்கள். 2016இல் எட்டு நாளில் ஆறு ஊர் போனேன். இன்று நினைவில் தெளிவாக இருப்பவை ரயில் நிலையங்களின் நடைமேடைகள். 2019இல் இரண்டே ஊர் போனேன். அன்று பார்த்த ஒரு கதவுத் தகட்டின் விளிம்பு மடிப்பைக்கூட இன்று என்னால் வரைந்து காட்ட முடியும்.

24 மார்ச் 2024

மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 2006இல் திறந்த இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் நெதர்லாந்தின் பென் வான் பெர்க்கல். மின்தூக்கி முதலில் உங்களை உச்சித் தளத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும் இரண்டு சரிவுப் பாதைகளின் வழியாக நடந்தே கீழே வர வேண்டும். ஒரு பாதை காலவரிசைப்படி செல்வது, மற்றொன்று பேருந்து, லாரி, தீயணைப்பு வண்டி என வகைவாரியாகப் பிரித்தது. இடையிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். சுமார் 160 வண்டிகள் இருக்கின்றன.

உச்சித் தளத்தில் மின்தூக்கி திறந்ததும் எதிரே நிற்பது ஒரு வெள்ளைக் குதிரை. குதிரைமீதுதான் தமக்கு நம்பிக்கை, மோட்டார் வண்டி வந்து போகும் ஒன்று என்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாக வழங்கும் சொற்களை அதனடியில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைக் கடந்தால் 1886. கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியும் கோட்லீப் டைம்லரின் நான்கு சக்கர வண்டியும் ஒரே கூடத்தில் நிற்கின்றன. பென்ஸ் அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை எண் 37435. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரத் திருப்பும் முறை அப்போது அவருக்குக் கைகூடாததால் ஒற்றை முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சின் 954 கன சென்டிமீட்டர், திறன் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளியில் வேலை செய்த அந்த இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. இருவர் நிறுவனங்களும் ஒன்றானது 1926இல்தான்.

நான் அதிக நேரம் நின்றது 1954இன் 300 எஸ்.எல். காருக்கு முன்னால். அதன் கதவுகள் பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறப்பதை அழகுக்காகச் செய்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து உருவாக்கிய அதன் எலும்புக்கூடு பக்கவாட்டில் மிக உயரமாக ஏறி வருகிறது; அங்கே வழக்கமான கதவுக்கு இடமே இல்லை. குழாயை வெட்டினால் வலு போகும் என்பதால் கீலைக் கூரையில் வைத்தார்கள். தகடு வேலை தெரிந்தவர்கள் அந்தக் கதவின் ஓரத்தில் ஓடும் இடைவெளியைப் பாருங்கள்.

25 மார்ச் 2024

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். அருங்காட்சியகத்தை ஒட்டியிருக்கும் உன்டர்டுர்க்ஹைம் ஆலையில் எஞ்சினும் கியர்பெட்டியும் சக்கர அச்சும்தான் செய்கிறார்கள். முழுக் கார் அங்கே உருவாவதில்லை. அது ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் சிண்டல்ஃபிங்கனில் நடக்கிறது. காலையில் அருங்காட்சியகம், மாலையில் பக்கத்திலேயே ஆலை என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். போர்ஷேயில் இந்தத் தொல்லை இல்லை. சுஃபன்ஹவுசனில் 2009இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே ஆலை. எஸ் 6 என்ற புறநகர் ரயிலிலிருந்து இறங்கினால் இரண்டும் கண்முன் நிற்கும். ஊருக்கு நடுவே இடம் குறைவாக இருப்பதால் ஆலையை மாடி மாடியாக உயர்த்தியிருக்கிறார்கள். 911 என்ற காரும், 2019 முதல் மின்சாரக் காரான டைகானும் அங்கேதான் உருவாகின்றன. எஞ்சின் பிரிவை மட்டுமே எதிர்பார்த்துப் போன என்னை, இருக்கைக்கான தோலை மேசையில் விரித்து, அதில் இருக்கும் தழும்பையும் கொசுக்கடியையும் தேடிக் குறிக்கும் பிரிவுதான் நிறுத்தி வைத்தது. குறையைத் தேடுவதே என் வேலையாக இருந்ததால், அங்கே நிற்கும் நேரம் போதவில்லை.

7 ஏப்ரல் 2024

பெரிய அருங்காட்சியகங்களோடு இரண்டு சின்ன இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஸ்டுட்கார்ட்டின் கான்ஸ்டாட் பகுதிப் பூங்காவை ஒட்டி, டைம்லரின் தோட்டத்தில் இருந்த பட்டறை. செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டைத்தான் பட்டறையாக மாற்றிக்கொண்டு, அவரும் அவருடைய கூட்டாளி வில்ஹெல்ம் மாய்பாஹும் எடை குறைந்த, வேகமாகச் சுழலும் எஞ்சினை 1885இல் உருவாக்கினார்கள். இரவும் பகலும் கதவை அடைத்துக்கொண்டு உலோகம் தட்டும் சத்தம் கேட்டதால், கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் சந்தேகப்பட்டுக் காவலர்களை அழைத்ததாகவும், வந்தவர்கள் எஞ்சின் பாகங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவும் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இடம்தான். நான் ஒரு மணி நேரம் இருந்தேன்.

இரண்டாவது, மான்ஹைமுக்கு அருகே லாடன்பூர்க்கில் பென்ஸ் குடும்பத்தின் பழைய ஆலைக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகம். வாரத்தில் சில நாள், அதுவும் பிற்பகலில் மட்டுமே திறப்பார்கள். நாளைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். அங்கே போனால் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் போன வழியில் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்க்க வேண்டும். 1888 ஆகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவை அந்த மூன்று சக்கர வண்டியில் கடந்தார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்தபோது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோலை வைத்து அடிக்கச் செய்தார். வீஸ்லோக்கில் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை எரிபொருளாக வாங்கினார். உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்று அந்தக் கடையை இன்றும் சொல்கிறார்கள்.

பிரேக் கட்டைக்குத் தோல் வைத்தது ஒரு வடிவமைப்புத் திருத்தம். சாலையில் ஓட்டிப் பார்த்துக் குறையைக் கண்டு, திருத்தத்தையும் கையோடு செய்து, திரும்பி வந்து சொன்னவர் அவர். தர ஆய்வுத் துறையில் இருக்கும் எவரும் அவரைத் தங்கள் முன்னோடியாகவே கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

21 ஏப்ரல் 2024

வொல்ஃப்ஸ்பூர்க்கைப் பற்றி மார்ச் 17 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பார்க்க அதிகம் இல்லை என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

போர்க் காலத்தில் அந்த ஆலையில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பாளிகளாக வேலை வாங்கப்பட்டார்கள். போர்க் கைதிகள், நாடு கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள், வதைமுகாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஆலைக்குள்ளேயே, வான்வழித் தாக்குதலின்போது ஒளியும் நிலவறை ஒன்றில், அவர்களுக்கான நினைவிடத்தை 1999இல் திறந்தார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் பார்க்க முடியும். பளபளக்கும் கார்களையும், தலா 400 கார்கள் அடுக்கிய இரட்டைக் கண்ணாடிக் கோபுரங்களையும் பார்த்துவிட்டு அந்த நிலவறையைப் பார்க்காமல் வருவது சரியில்லை. போர் முடிந்தபின் இடிபாடாகக் கிடந்த ஆலையை மறுபடி ஓடச் செய்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவ மேஜர். அந்த வரலாறும் அங்கேதான் விளங்கும்.

ஆலையின் பரப்பு 6.5 சதுர கிலோமீட்டர். பார்வையாளர்களைச் சின்ன வண்டியில் ஏற்றிக் கூடங்களுக்குள் கொண்டுபோகிறார்கள். ஆலையின் சமையற்கூடத்தில் செய்யும் தொத்திறைச்சிக்குக்கூட உதிரிபாக எண் உண்டு: 199 398 500 ஏ. ஆயிரக்கணக்கான பாகங்களின் எண்களை மனப்பாடம் செய்தவன் என்ற முறையில், இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது.

இருந்தாலும் உங்கள் பத்து நாளுக்குள் இதைத் திணிக்க வேண்டாம். பெர்லினுக்குப் போகும் வாய்ப்பு பின்னால் வந்தால், அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அப்போது நிதானமாகப் போங்கள்.

5 மே 2024

மரனெல்லோவுக்குப் பதிலாக எங்கேயாவது எல்லை தாண்டிப் போக வேண்டும் என்று தம்பி கேட்கிறார் என்றால், பிரான்சின் முலூஸ் ஊரிலுள்ள கார் அருங்காட்சியகம். 400க்கு மேற்பட்ட கார்கள், அவற்றில் நூற்றுக்கு மேல் புகாட்டி. இன்று ஆறே ஆறு மிஞ்சியிருக்கும் புகாட்டி ரொயாலில் இரண்டு அங்கே நிற்கின்றன. எஞ்சின் மட்டும் 12.7 லிட்டர்.

அந்தக் கார்களைச் சேர்த்தவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற சகோதரர்கள், கம்பளி நூல் ஆலை முதலாளிகள். ஆலைகள் நொடித்துத் தொழிலாளர்கள் வேலையிழந்த நேரத்தில், 1977இல், பூட்டியிருந்த கட்டடத்துக்குள் தொழிலாளர்கள் நுழைந்தபோதுதான், வரிசை வரிசையாக விளக்குத் தூண்களுக்குக் கீழே நின்ற அந்தக் கார்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். தொழிலாளர்கள் இடத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1982இல் அது தேசிய அருங்காட்சியகம் ஆயிற்று. என் தந்தை கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு நிலுவைத் தொகைக்காக அவர் பல ஆண்டுகள் அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்தக் கூடத்தில் கார்களை என்னால் கார்களாக மட்டும் பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றும் யாருடைய கூலி என்றுதான் கேட்கத் தோன்றியது. ஆனாலும் அவற்றைக் கலைத்து விற்றுவிடாமல் ஒன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிறைவு.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து போய்வர ஒரு நாள் முழுவதும் ஆகும்.

19 மே 2024

விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஜெர்மனி. முலூஸுக்குத் தனி விசா தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நேர்காணல் நாள் கிடைப்பது கடினம், ஆகவே இப்போதே பதிவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கட்டணம் 80 யூரோ. ஆலைச் சுற்றுக்கான முன்பதிவுச் சீட்டையும் பயணத் திட்டத்தோடு இணைத்துவிடுங்கள். ஏன் போகிறீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

12 ஜூன் 2024

விசாக் கட்டணம் நேற்று முதல் 90 யூரோ. மேலே எழுதிய 80 பழைய கணக்கு.

16 ஜூன் 2024

மியூனிக் ஆலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 1922 முதல் அதே இடத்தில் இருக்கும் ஆலை அது. ஊர் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டது. முதலில் 1973இன் கிண்ண வடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள், ஆலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் நான் மாற்றிச் செய்தேன். ஓடும் லைனைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, நிற்கும் கார்கள் எதையும் சொல்லவில்லை. 2019இல் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தபோது, ஒரு வளைவு எப்படி மாறி வந்தது என்பது மனத்தில் இருந்ததால், ஆலையில் அந்த வளைவை, தகட்டுக்கு வடிவம் தரும் டை அழுத்தும் கணத்தை அடையாளம் காண முடிந்தது.

பிரஸ் ஷாப்பில் சத்தத்தைவிடத் தரையின் அதிர்வைக் கவனியுங்கள். வெல்டிங் பிரிவில் தீப்பொறி அதிகம் தெறித்தால் அங்கே ஏதோ ஒன்று சரியில்லை என்று பொருள். நான் பார்த்த அன்று பொறி மிகக் குறைவு. கடைசியில், மேலிருந்து வரும் உடற்கூடும் கீழிருந்து எழும் எஞ்சினும் அச்சும் ஒன்றுசேரும் இடம். ஜெர்மானியர் அதைத் திருமணம் என்கிறார்கள். நம் ஊர் ஆலைகளிலும் மேரேஜ் ஸ்டேஷன் என்பதுதான் வழக்கு. எத்தனை முறை கேட்ட சொல்லாக இருந்தாலும், இரண்டும் பொருந்தி நிற்கும் அந்தச் சில நொடியில் என்னால் பேச முடியவில்லை.

2027 இறுதிக்குள் அந்த ஆலையை மின்சாரக் கார்களுக்கு மட்டுமே உரியதாக மாற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள். எஞ்சின் ஏறும் திருமணத்தை அங்கே பார்க்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. உங்கள் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலை மூடிய காலணி அணியுங்கள். கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். முன்பதிவில் ஆங்கிலச் சுற்றா என்று பாருங்கள். ஜெர்மன் சுற்றில் மாட்டிக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

30 ஜூன் 2024

நீங்கள் அனுப்பிய திட்டம் சரியாக வந்திருக்கிறது. செப்டம்பர் 7 சனி ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஹைடல்பெர்க், 8 ஞாயிறு வீஸ்லோக், பிற்பகல் லாடன்பூர்க், 9 திங்கள் சின்ஸ்ஹைம், இரவு ஸ்டுட்கார்ட், 10 மெர்சிடிஸ், 11 போர்ஷே, ஆலையோடு, 12 முலூஸ் அல்லது கான்ஸ்டாட், 13 மியூனிக், 14 பி.எம்.டபிள்யூ. அருங்காட்சியகம், 15 ஓய்வு, 16 திங்கள் ஆலை, இரவு விமானம்.

12ஆம் தேதிக்கு என் தேர்வு கான்ஸ்டாட். 10ஆம் தேதி பார்த்ததில் பாதியை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றும். அதற்கும் அந்த நாள் உதவும். ஆலைச் சுற்றைக் கடைசி நாளில் வைத்திருப்பது மட்டும் எனக்குக் கவலை. அது ரத்தானால் மாற்றுநாள் இல்லை. 13 வெள்ளியன்று இடம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அருங்காட்சியகம் முதலில் என்ற என் வரிசையை விட்டுவிடலாம்.

1 ஜூலை 2024

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் திறப்பதில்லை. வீஸ்லோக்கில் பெர்த்தாவின் நினைவுச் சின்னம் மருந்துக்கடைக் கட்டடத்துக்கு வெளியே, தெருவில் இருக்கிறது. சாப்பாட்டை மட்டும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.